வகுப்பறைக் கமரா: சனிக்கிழமை கூட்டம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வகுப்பறைகளில் கமரா பூட்டி, பாடம் நடப்பதை நாங்கள் போனில் பார்க்க வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள். முடிவெடுக்க முதல் கூடிக் கதைப்போம்.

வரும் சனிக்கிழமை காலை 9.00 மணி, பாடசாலை மண்டபம். அதிபரும் ஆசிரியர்களும் வருவார்கள்.

1. வீட்டுக்கு ஒருவராவது கட்டாயம் வாருங்கள். முத்தையன்கட்டுப் பக்கமிருந்து வருபவர்கள் கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை.

2. டெல்லி அரச பாடசாலைகளில் 2019 இல் இப்படி வகுப்பறைக் கமரா பூட்டத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் அந்தரங்கம் பற்றி வழக்கு நீதிமன்றம் வரை போனது. யோசித்துப் பாருங்கள்: கரும்பலகையில் கணக்குச் செய்யத் தெரியாமல் நிற்கும் பிள்ளையை வகுப்பிலுள்ள அத்தனை பேரின் வீட்டிலும் பார்ப்பார்கள். யாராவது அதைப் படமெடுத்துப் பரப்பினால்? வாசலுக்கும் நடைபாதைக்கும் கமரா போதும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

3. எங்கள் இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பதிவை யார் வைத்திருப்பது, எத்தனை நாள் என்று கேள்விகளை எழுதி வாருங்கள்.

4. அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளைகள் பலரின் வீட்டில் இந்தக் குழுவே இல்லை. அயலிலுள்ளவர்கள் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வருவீர்களா இல்லையா என்று வியாழன் இரவுக்குள் இங்கே போடுங்கள். குரல் பதிவும் சரி.