புதன்கிழமை தடுப்பூசி: கைக்குழந்தை இருக்கும் வீட்டார் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் புதன் காலை 10 மணி, குடமுருட்டிக் கரை அங்கன்வாடி. கிராம சுகாதார செவிலியர் வருகிறார். சம்பா நடவு நேரம்தான், தெரியும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

1. தடுப்பூசி அட்டை அவசியம். தவணை தவறியிருந்தாலும் வாங்க.

2. பாட்டிமார்கள் கட்டாயம் வரணும். பிறந்த பிள்ளைக்குச் சேனை (நாக்கில் தொட்டு வைக்கும் இனிப்பு), சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால் எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். போன மாசம் எங்க தெருவில் எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு உள்ளங்கால் சில்லென்று இருந்தது. அம்மாவின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்தியதும் சூடு ஏறி, பால் குடிக்க ஆரம்பித்தது. அந்த அம்மாவே செய்து காட்டுவாங்க.

3. மழைக்காலம், பேதி வரும். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலம் முழுசையும் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்கணும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரிக்காதீங்க. துத்தநாக மாத்திரை, பேதி நின்றாலும் 14 நாள்.

4. பால் குடிக்காமல் இருந்தால், மூச்சு வாங்கினால், உடம்பு சில்லிட்டால், வலிப்பு வந்தால் விடியட்டும் என்று இருக்காதீங்க. உடனே 108.

வருகிறவங்க பிள்ளையின் வயதைச் செவ்வாய் இரவுக்குள் இங்கே போடுங்க. நடக்க முடியாத பிள்ளைத்தாய்ச்சிகள் சொல்லுங்க, ஆட்டோ அனுப்புகிறேன்.