'எனக்கு வேணும்' என்ற விசுவாசப் பிரமாணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யார் கிறிஸ்தவர் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அன்பாக நடக்கிற எவரும் கிறிஸ்தவர்தான், நாங்கள் நம்புவதை வரிவரியாக அறிக்கையிடும் ஜெபமான விசுவாசப் பிரமாணம் ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிப் போட்ட வேலி, அதைப் பிடுங்கிவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்கிறார் கட்டுரையாளர். அவருடைய நல்ல மனது புரிகிறது. ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தேவகோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்த நான்கு மாதமும் மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. தூக்குவாளியைத் திண்ணையில் வைத்துவிட்டு, குரல்கூடக் கொடுக்காமல் போய்விடுவார். மாதா கோயிலுக்கு வந்து மெழுகுவத்தியும் ஏற்றினார். அவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற முருக பக்தை. அவரிடம் போய் "ஆச்சி, நீங்களும் கிறிஸ்தவர்தான்" என்று சொன்னால் அது பாராட்டா? அவருடைய பக்தியை எடுத்து நம் கணக்கில் எழுதிக்கொள்வதாக அல்லவா ஆகும்? என்னைவிட நல்லவர் அவர். ஆனால் கிறிஸ்தவர் இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது, அவருக்கும் இதில் வருத்தம் இருக்காது.

அப்படியானால் கிறிஸ்தவர் யார்? ஞானஸ்நானத் தொட்டியருகே கேட்கிறார்களே, பிதாவை விசுவசிக்கிறீர்களா, சுதனை விசுவசிக்கிறீர்களா, பரிசுத்த ஆவியை விசுவசிக்கிறீர்களா என்று. அந்தக் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள் வளர்ந்துதான் விசுவாசப் பிரமாணம் ஆயிற்று. கி.பி. 325-இல் நிசேயா என்ற ஊரில் ஆயர்கள் கூடியதற்கு முன்பே மக்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ், சுதனாகிய இயேசுவும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த காலம் உண்டு என்று கற்பித்தார். எவ்வளவு உயர்ந்த படைப்பானாலும் படைப்பைக் கும்பிடலாமா என்ற கேள்வி எழுந்தது. சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல என்று நிசேயாவில் எழுதிவைத்தது அதற்காகத்தான். பூசையில் யாரைப் பார்த்துக் கைகூப்புகிறோம் என்பது எங்களுக்கு உயிர்போகிற விஷயம்.

அதற்காக, சொல் பிசகினால் ஆளே வெளியே என்பவர்களோடும் நான் இல்லை. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் விசுவாசப் பிரமாணத்தை முதலில் தமிழாக்கியபோது, 'விசுவசிக்கிறேன்' வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று வந்துவிட்டது. அங்கே மறைபணி செய்த பிரான்சிஸ் சவேரியாரே 1544-இல் தம் துணைவர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, அதை மாற்றிச் சொல்லச் சொல்கிறார். அந்தத் திருத்தம் அவசியம்தான். ஆனால் அதுவரை மீனவ மக்கள் ஞாயிறுதோறும் நெஞ்சின்மேல் கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு, கடவுள் எனக்கு வேணும் என்று சொன்னார்களே, அன்றைக்கு அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா? அவர்கள் கிறிஸ்தவர்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

பிரமாணத்தில் இல்லாததும் நிறைய இருக்கிறது. கன்னிமரியிடம் பிறந்தார் என்றதும் அடுத்த வரியே "போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு" என்று வந்துவிடுகிறது. தொழுநோயாளியைத் தொட்டது, பசித்தவர்களுக்கு அப்பம் பிட்டது, வரி வசூலிக்கும் ஆயக்காரனோடு பந்தியில் உட்கார்ந்தது எதற்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. அதை மட்டும் ஒப்பித்துவிட்டுக் கிறிஸ்தவர் என்று நெஞ்சை நிமிர்த்த முடியாது.

பிறகு எதற்கு அது? ஆச்சி வீட்டுக் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஏடு குடும்பம் நடத்தாது. ஆனால் நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் எடுத்துக் காட்டி, "ஒப்புக்கொண்டீர்களே" என்று கேட்கலாம். விசுவாசப் பிரமாணமும் எனக்கு அப்படித்தான். நான் நல்லவள் என்று நானே சொல்லிக்கொண்டால் யார் என்னை என்ன கேட்க முடியும்?

இதை நான் சும்மா சொல்லவில்லை. நான் பிறந்த ஊரில் ஒரே கோயில், ஒரே பீடம், கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு. நடுவே தோளுயரச் சுவர். எந்தச் சாதிக்கு எந்தப் பக்கம் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறை மந்திரிப்புக்குப் போகும்போது சாமியார் ஒரு பக்கம் தீர்த்தம் தெளித்து முடித்து, ரோட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருவார். அன்பைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். "நாங்கள் யாரை வெறுத்தோம்?" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களை அன்பை வைத்துப் பிடிக்க முடியவில்லை.

அதனால் ஒரு வருஷம் பிரமாணத்தை வைத்துக் கேட்டேன். ஜெபமாலையை அதோடுதானே தொடங்குகிறோம். "இப்போதுதானே 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' என்று சொன்னோம், சித்தப்பா. செத்தவர்கள் உடலோடு எழுந்து வரும்போது சுவருக்கு எந்தப் பக்கம் நிற்பார்கள்?" சித்தப்பா பதில் சொல்லவில்லை. கையில் எரிந்த மெழுகுவத்தியைச் சுவரின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

சுவர் இன்னும் இருக்கிறது. போகிற ஒவ்வொரு வருஷமும் யாரிடமாவது அதையே கேட்கிறேன். பிரமாணத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் எதை வைத்துக் கேட்பேன் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தேவகோட்டை