தறி ஓடாத ஞாயிறும் ஒரு அரைப் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

சோமனூர் பக்கத்தில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெசவு செய்கிறவன் நான். உங்கள் பேப்பரை எங்கள் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம். காலையில் தறியைப் போட்டுவிட்டு, டீ வருவதற்குள் உள்ளூர்ப் பக்கத்தைப் படித்து முடித்துவிடுவேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத அது ஒரு கோரிக்கையாகிவிட்டது, கொஞ்சம் நீண்டும் போய்விட்டது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

புகார் இதுதான். போன வாரம் ஒருநாள் உள்ளூர்ப் பக்கத்தில் என்னென்ன வந்திருக்கிறது என்று பேனாவால் டிக் அடித்துப் பார்த்தேன். சங்கிலிப் பறிப்பு இரண்டு, பைபாஸில் விபத்து ஒன்று, சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர் ஒருவர், குடித்துவிட்டு அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டது ஒன்று. கீழே மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம், ஏதோ ஓவியப் போட்டியின் பரிசளிப்பு. ஒன்பது பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளை எங்கே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினால், ஒரு பிரமுகரின் முழங்கைக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறது. அந்தப் பிள்ளை என்ன வரைந்தது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

விபத்தைப் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நடந்ததைப் போடத்தான் வேண்டும், சீட்டுக்காரர் ஓடிய செய்தியைப் படித்துத்தான் என் மச்சான் சுதாரித்துக்கொண்டார். ஆனால் அதே நாளில் அதே ஊரில் வேறு விஷயங்களும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவையெல்லாம் எங்கே போகின்றன? எனக்குத் தெரிந்த வரை, கொஞ்சம் எங்கள் தறிக்குடோனுக்கு வருகிறது.

2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகளை நிறுத்தினோமே, உங்கள் பேப்பரிலும் தினமும் வந்தது. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நின்றுபோனால் காது அடைத்த மாதிரி இருக்கும். எங்கள் வீடுகளில் எல்லோரும் சத்தமாகப் பேசுவதைப் பார்த்து, புதிதாக வருகிறவர்கள் சண்டை என்றே நினைப்பார்கள், அது தறியை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. நிறுத்தம் தொடங்கி இரண்டாவது வாரம் வேலையும் இல்லை, காசும் இல்லை, நாலு பேர் குடோனில் சும்மா உட்கார்ந்திருந்தோம். தறியில் பாவு நூலைப் பிணைக்க வருகிற பெரியவர் ஒருவர் இருந்தார். சின்ன வயதில், உடுக்கை அடித்துக் கதை பாடுகிற குழுவில் பின்பாட்டுக்குப் போனவர் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும், அத்தனை வருடமும் தறி ஓடிக்கொண்டே இருந்ததால் யாரும் கேட்டதில்லை. காலி எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு அவர் அண்ணன்மார் கதையில் படுகளம் பாடினார்.

கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பொன்னரும் சங்கரும் களத்தில் விழுந்து கிடக்கிறார்கள், தங்கை தங்காள் காடு மேடெல்லாம் தேடி வந்து, தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள். கோவில்களில் இதை நடத்தும்போது அருள் வந்தவர்கள் பிணம் போலவே விழுவார்கள், ஒவ்வொருவராக எழுப்புவார்கள், சுற்றி நிற்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்தப் பெரியவர் ‘எந்திரிங்கண்ணா’ என்று இழுத்தபோது, கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல் குடோனில் வந்து ஒளிந்திருந்த ஒருவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அடுத்த நாள் அவர் தன் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். இப்படித்தான் ஆரம்பித்தது.

கூலி பேசி முடித்துத் தறி ஓட ஆரம்பித்த பிறகும் விட மனமில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு சாயங்காலம் பஞ்சைக் கூட்டித் தள்ளிவிட்டு, தறிகளுக்கு நடுவில் இரண்டு பவானி ஜமக்காளத்தை விரித்து உட்காருகிறோம். அந்த ஜமக்காளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அகலமான ஜமக்காளத்தை ஒரே ஆளால் நெய்ய முடியாது, குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊடு நூல் வைத்த நாடாவை ஒருவருக்கொருவர் வீசித்தான் நெய்வார்கள். எங்கள் கூட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒருவர் வீசினால் இன்னொருவர் பிடிக்க வேண்டும்.

நடுவில் ஒரு தப்பும் செய்தோம். ஞாயிறு வரமுடியாதவர்களுக்காக என்று ஒரு பையன் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தான். இரண்டே நாளில் பனித்துளி விழுந்த ரோஜா, காலை வணக்கம், மாரடைப்புக்கு இஞ்சிச் சாறு, யாரோ வெளிநாட்டுக் கோடீஸ்வரர் சொன்னதாக ஒரு தத்துவம் என்று நிரம்பி வழிந்தது. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான், ஆனால் ஒன்றுகூட அனுப்பியவருடையது இல்லை. மூன்றாவது வாரமே மூடிவிட்டோம். அதிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம், சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். கையால் செய்தது, அல்லது கண்ணால் பார்த்தது. பொன்னாடை கிடையாது, தலைமை கிடையாது, பரிசும் கிடையாது. வரக்காப்பியும் முறுக்கும் உண்டு.

கண்ணால் பார்த்தது என்றால் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அத்திக்கடவு அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீர் என்று நீங்கள் பெரிதாகப் போட்டீர்கள். சந்தோஷம், நம் ஜனங்கள் அறுபது வருடத்துக்கு மேல் கேட்டு வந்த தண்ணீர். அவினாசிப் பக்கத்திலிருந்து எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஓர் அம்மா, அவர் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்த இரவைச் சொன்னார். வெளியே கட்டில் போட்டுப் படுத்திருந்தவருக்கு நடு ராத்திரியில் ஏதோ சத்தம், மோட்டார்தான் கெட்டுப்போய் ஓடுகிறது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் தவளை. இத்தனை வருடம் எந்த மண்ணுக்குள் புகுந்து கிடந்ததோ, கத்தித் தீர்க்கிறது. பேரனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம், பையன் பயந்துபோய் அழுதானாம், அவன் அதுவரை அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. பேப்பரில் 1,045 வந்தது, தவளை வரவில்லை. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நல்லது மட்டும்தான் பேச வேண்டுமா என்று ஒரு சண்டையும் வந்தது. ஐடிஐ படிக்கிற பையன் ஒருவன் பென்சிலில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். முகம் இல்லை, வெறும் கை, பிசிறு வெட்டும் கத்திரியைப் பிடித்திருக்கிற வலது கை. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவன் அம்மாவின் கை, அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மனசுக்குத் தெம்பு தருகிற விஷயம்தானே இங்கே, இது எதற்கு என்று ஒருவர் கேட்டுவிட்டார், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யாரும் பேசவில்லை. செக்கிங் வேலைக்குப் போகிற அம்மிணி ஒருவர் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘ஏங்கண்ணு, கத்திரி வளையம் அழுத்தின காப்பைக்கூட விடாம போட்டிருக்கறயே’ என்றார். அப்புறம் தன் கட்டை விரலை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே இடம், காய்த்துப்போன அதே காப்பு. அன்றைக்கு அங்கே இருந்த பெண்களில் ஐந்தாறு பேர் தங்கள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். பையன் அழவில்லை, சிரித்தான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எனக்கே நியாயமாக இருக்காது. என் தறியில் ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். ஒருவரின் மனைவி கூட்டத்துக்கு வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து பிள்ளையைத் தூங்க வைப்பதோடு சரி, மொழி பிடிபடவில்லை. ஒரு நாள் எங்கள் வீட்டில் மாக்கோலத்துக்கு அரிசி அரைத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே விரலை முக்கி எடுத்துத் தரையில் போட ஆரம்பித்துவிட்டார். நெற்கதிர், தாமரை, அப்புறம் வாசலிலிருந்து உள்ளே போகிற மாதிரி சின்னச் சின்னப் பாதங்கள். அவர்கள் ஊரில் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் லட்சுமி வீட்டுக்குள் வருவதாக இப்படிப் போடுவார்களாம், ஜோட்டி என்று பெயராம். எங்கள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இது நம்ம கிருஷ்ண ஜெயந்திப் பாதமாச்சே, இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான், அவர் ஒடியாவில், அம்மா கொங்குத் தமிழில். எப்படிப் புரிகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இதெல்லாம் ஏதோ புதுசு என்று சொல்ல மாட்டேன். வள்ளி கும்மியைப் பாருங்கள். ஆண்களே ஆடிக்கொண்டிருந்த கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்றுதானே நம் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைக்குச் சாயங்காலமானால் எந்த ஊர்க் கோவில் மைதானத்திலும் ஐடி கம்பெனிப் பெண், மாடு கறந்துவிட்டு வந்த அம்மா, மூன்றாம் வகுப்புப் பாப்பா எல்லோரும் ஒரே வரிசையில் அடி எடுத்து வைக்கிறார்கள், பார்க்கிறவர் வேறு ஆடுகிறவர் வேறு என்ற பிரிவே இல்லாத கலை. சில இடங்களில் அந்த வரிசையிலும் யார் என்ன சாதி என்று கேட்டுத்தான் சேர்க்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் குடோனில் அந்தக் கேள்விக்கு இடமில்லை, இடமில்லை என்று முதல் மாதமே ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியும் வந்தது, அவர் வருவதை நிறுத்திக்கொண்டார், போகட்டும்.

இப்போது எங்களுக்கு இடம் போதவில்லை. தறிகளுக்கு நடுவில் முப்பது பேருக்கு மேல் உட்கார முடியாது, மழை வந்தால் தகரத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஒரு பள்ளியில் போய் ஹாலைக் கேட்டோம், தாளாளரைச் சிறப்பு விருந்தினராகப் போட்டு பேனர் வைத்தால் தருகிறோம் என்றார்கள், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம். அப்போதுதான் நூலகம் ஞாபகம் வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று நாம் எல்லோரும் கட்டுகிறோம், 1948-ல் வந்த சட்டம், இந்தியாவிலேயே முன்னோடி என்று பெருமையும் பேசுகிறோம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஒன்றும் இருக்கிறது, பல ஊர்களில் பெயர்ப் பலகையோடு சரி. மாதத்தில் இரண்டு சாயங்காலம் அந்த ஹாலை வாசகர் வட்டத்தின் பேரில் ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிட்டால் அரசாங்கத்துக்கு நாலு டியூப்லைட் கரண்ட்டுக்கு மேல் என்ன செலவாகும்? இதை உங்கள் பேப்பர் எழுதினால் மாவட்ட நூலக அலுவலகத்தில் கவனிப்பார்கள், நான் மனு கொடுத்தால் ரசீதுதான் கிடைக்கும்.

உங்களிடம் நேரடியாகக் கேட்பது ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பதிப்பில் ஒரு அரைப் பக்கம். அதில் வாசகர்கள் வரைந்தது, நெய்தது, எழுதியது, பார்த்தது மட்டும் வரட்டும். பிரமுகர் படம் வேண்டாம். கடைத் திறப்பு விழாவையும் காலேஜ் விளம்பரத்தையும் நல்ல செய்தி என்று உள்ளே நுழைய விட்டீர்களானால் மூன்றாவது வாரமே செத்துவிடும். இன்னொரு விஷயம், நல்ல செய்தி என்பதற்காக விசாரிக்காமல் போட்டுவிடாதீர்கள். ஆட்டோக்காரர் ஒருவர் பத்துப் பவுன் நகைப் பையைத் திருப்பிக் கொடுத்த கதையை எங்கள் கூட்டத்தில் ஒருவர் உருகிச் சொன்னார். யார், எந்த ஸ்டாண்டு என்று கேட்டுக்கொண்டே போனால் அதே கதையைப் பல்லடத்திலும் சொல்கிறார்கள், கோபியிலும் சொல்கிறார்கள், பவுன் மட்டும் ஊருக்கு ஊர் கூடுகிறது. சொன்னவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவரே, பஸ்ஸில் தன் குடையை விட்டுவிட்டதையும் அதை ஒரு கண்டக்டர் நாலு நாள் சீட்டுக்கடியில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்ததையும் சொன்னார். குடைதான், இருநூறு ரூபாய் பெறாது. கையிலேயே கொண்டுவந்து காட்டினார், கம்பி வளைந்த குடை.

ஐடிஐ பையன் வரைந்த அந்தக் கைப் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், போடுகிற அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன், காப்பு சரியாக விழவில்லை, அதனால் அசலையே அனுப்புகிறேன். பார்த்தவுடன் மறக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், அவனிடம் இருப்பது இது ஒன்றுதான். தபால்தலை ஒட்டிய கவரும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறிக்காரன்,
சோமனூர் வட்டாரம்