வியன்னா அருங்காட்சியகத்துக்கு: அந்த இறகுக் கிரீடத்தை ஒரு தடவையாவது ஊருக்கு அனுப்புங்கள்

வெல்ட்மியூசியம் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மெக்சிகோக்காரர்கள் பெனாச்சோ என்று சொல்லும் இறகுக் கிரீடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கதை முழுக்க உங்களுக்கே தெரியும். அஸ்டெக் பேரரசின் தலைநகரான தெனோச்தித்லான் ஸ்பானியர்களிடம் வீழ்ந்த 500-வது ஆண்டு வருகிறது என்று, 2020-ல் மெக்சிகோ அதிபர் தன் மனைவியையே தூது அனுப்பிக் கேட்டார், அதுவும் இரவலாக. ஆஸ்திரியத் தரப்பில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விமானத்தில் ஏற்றினால் அதிர்வில் இறகுகள் சிதைந்துவிடுமாம்.

அது பொய் என்று சொல்ல வரவில்லை. 2010 முதல் 2012 வரை இரு நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து ஆராய்ந்து சொன்னதுதான். ஆனால் 'கொண்டுபோக முடியுமா' என்று கேட்டதோடு நின்றுவிட்டால் எப்படி? 'கொண்டுபோக என்ன செய்யவேண்டும்' என்று கேட்டு, அதற்கு ஒரு கெடு வைத்து உட்கார்ந்தால் என்ன?

நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன். மெக்சிகோ கலை வரலாறு எடுக்கும்போது இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அமன்தேக்கா என்ற அஸ்டெக் இறகுக் கைவினைஞர்கள், கெட்சால் பறவையின் வால் தோகைகளை நாரில் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு வலையில் கோத்திருக்கிறார்கள். ஆண் பறவைக்கு மட்டும்தான் அந்த நீளமான பச்சைத் தோகை, அதுவும் ஒன்றுக்குச் சில இறகுகள்தான். இதில் 400-க்கும் மேல் இருக்கின்றன. அஸ்டெக் மன்னர் மொக்தேசுமா தலையில் வைத்ததுதானா என்பதற்கு ஆதாரம் இல்லை, சரி. அந்தக் கைகள் செய்தவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே.

மெக்சிகோ நகரத்து மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருப்பது 1940-ல் செய்த நகல். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதன் முன்னால் வந்து நிற்கிற ஒரு தாய், "இது நம்ம முன்னோர் செய்தது" என்று சொல்ல முடியாது. "அவர்கள் செய்ததைப் பார்த்துச் செய்தது" என்றுதான் சொல்லவேண்டும். மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா தீட்டிய தெனோச்தித்லான் சந்தையை அதே நகரத்தில் தேசிய மாளிகைச் சுவரில் பார்க்கலாம். அந்தச் சந்தைக் காலத்து இறகு வேலையைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். இது ஒன்று மட்டுமா? மெக்சிகோவின் பூர்வகுடிகளான மிஷ்டெக் மக்களின் ஓவியச் சுவடி உங்கள் ஊர் தேசிய நூலகத்தில், மாயாச் சுவடி ஜெர்மனியின் டிரெஸ்டனில், வேறொரு பழைய மெக்சிகோச் சுவடி வத்திக்கானில். சொந்தக் கலையின் முதல் பக்கங்களைப் படிக்க ஒரு நாடே ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுக்கவேண்டுமா?

பாதுகாப்பு என்கிறீர்கள். 1596-ல், இது அப்போது இருந்த ஆஸ்திரியாவின் ஆம்ப்ராஸ் கோட்டையில் எழுதிய பட்டியலில் இதற்கு ஒரு பொன் அலகு இருந்ததாக இருக்கிறது. இன்று இல்லை. 1878-ல் பழுது பார்த்தபோது இது கிரீடம் என்பதே தெரியாமல், கொடி என்று நினைத்துத் தட்டையாக்கி, தொலைந்த பொன் தகடுகளுக்குப் பதில் முலாம் பூசியவற்றைத் தைத்தார்கள். இவ்வளவும் அது மெக்சிகோவுக்குப் போனதால் நடந்ததில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். இரு நாட்டு வல்லுநர்களையும் மறுபடி கூட்டுங்கள், அதிர்வைத் தாங்கும் பெட்டிக்கு வழி தேடச் சொல்லுங்கள், எந்த ஆண்டுக்குள் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். இரவலாகவாவது, ஒரு தடவையாவது, அதை ஊருக்கு அனுப்பிவையுங்கள்.

மரியாதையுடன்,
ஓர் ஓவிய ஆசிரியர்