எண்ணூர் கழிமுகத்தின் அடிச்சேற்றில் தேங்கிய நச்சை முறைப்படி அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
எண்ணூர் கழிமுகத்தை நம்பி வாழும் மீனவ கிராம மக்கள்,
திருவொற்றியூர் வட்டம், சென்னை மாவட்டம் மற்றும்
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: கொசஸ்தலையாறு, எண்ணூர் கழிமுகம் – ஆற்றடியில் படிந்துள்ள நிலக்கரிச் சாம்பலும் எண்ணெயும் கன உலோகங்களும் கலந்த சேறு – வெறும் தூர்வாரும் வேலையாகக் கொள்ளாமல் நஞ்சகற்றும் பணியாக மேற்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம் ஆகிய ஊர்களிலும் வடகரையில் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கத்து ஊர்களிலும் குடியிருந்து, கழிமுகத்தில் வலை வீசியும் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவியும் பிழைத்துவரும் குடும்பங்களின் சார்பில் இம்மனுவைத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம். அரசு ஆவணங்கள் கழிமுகம் என்றும் உப்பங்கழி என்றும் குறிப்பிடும் இந்நீர்ப்பரப்பை நாங்கள் ஆறு என்றே சொல்வோம். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறு இங்கேதான் கடலில் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் வழியாக வடக்கே பழவேற்காடு ஏரியோடும் இதற்குத் தொடர்பு உண்டு. எனவே இந்த ஆற்றடியில் என்ன படிகிறதோ அது எண்ணூரோடு நின்றுவிடுவதில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆற்றின் அடியில் தேங்கியிருப்பது வண்டல் அல்ல, நஞ்சு என்பதை முதலில் ஏற்றுக்கொண்டு, அதை எடுக்கும் முறையையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தையும் எடுத்த பின் சரிபார்க்கும் அளவையும் முன்கூட்டியே தீர்மானித்து, அதன் பிறகே இயந்திரத்தை ஆற்றில் இறக்க வேண்டும். தூர்வாருதல் என்ற சொல்லே இவ்விஷயத்தில் வழிதவற வைக்கிறது என்பது எங்கள் கருத்து. தூர்வாருபவர் கேட்கும் கேள்வி ஆழம் எவ்வளவு கூடியது என்பது. நஞ்சை அகற்றுபவர் கேட்க வேண்டிய கேள்வி அடியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது.

இச்சேறு ஒரே நாளில் வந்ததன்று. எண்ணூரில் முதல் அனல் மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. ஆற்றின் வடகரையில் 1990களிலும் 2012க்குப் பிறகும் மேலும் பெரிய அனல் மின் நிலையங்கள் வந்தன. அவற்றுக்கு நிலக்கரி இறக்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டு, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எரிந்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, ஆற்றையும் ஈரநிலத்தையும் கடந்து செல்லும் குழாய்கள் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளங்களுக்குத் தள்ளுவதே பல்லாண்டு நடைமுறையாக இருந்தது. குழாய் இற்றுப்போய் வெடிக்கும்போதெல்லாம் அந்தக் குழம்பு ஆற்றிலும் அலையாத்திக் காட்டிலும் கொட்டியது. உடைந்த குழாயைச் சரிசெய்தார்கள். கொட்டிய சாம்பல் கொட்டிய இடத்திலேயே கிடந்தது.

நிலக்கரிச் சாம்பல் மணலைவிட மிக நுண்ணியது என்பதும், அதில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் போன்றவை இருக்கும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. தொழில் செய்பவர்கள் கண்டதை மட்டும் இங்கே சொல்கிறோம். சாம்பல் படிந்த இடத்தில் அடிச்சேறு இறுகிவிடுகிறது. நண்டு வளை தோண்டுவதும் இறால் பதுங்குவதும் நெகிழ்ந்த கருஞ்சேற்றில்தான். இறுகிய சாம்பல் தளத்தில் இரண்டும் தங்குவதில்லை. ஆழமாக ஓடிய இடங்கள் மேடிட்டுப் போனதால் வற்றம் வரும்போது படகு தரைதட்டுகிறது. இறால் தடவும் பெண்களின் கால்களில் ஒட்டும் சேறு சாம்பல் நிறமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கழுவினாலும் அரிப்பு நிற்பதில்லை.

சாம்பலோடு எண்ணெயும் சேர்ந்துள்ளது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கசிந்த எண்ணெய் எண்ணூர் தொடங்கி மெரினாவுக்கும் தெற்கே வரை கரையொதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய் நேரே ஆற்றுக்குள் புகுந்து, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றின் மீதும் அப்பிக்கொண்டது. முதல் முறை வாளியால் அள்ளினார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, கையுறைகூடச் சரியாக இல்லாமல், நாங்களும் வாளியாலும் குவளையாலும்தான் அள்ளினோம். நீரின் மேல் மிதந்த எண்ணெய் கண்ணில் பட்டதால் அள்ளப்பட்டது. மண்ணோடு கலந்து அடியில் இறங்கிய எண்ணெயை யாரும் அள்ளவில்லை. இன்றும் சில இடங்களில் துடுப்பை ஊன்றி எடுத்தால் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் விரிகிறது.

இவ்வளவு தெரிந்தும் உடனே அள்ளிவிடுங்கள் என்று நாங்கள் கேட்காததற்குக் காரணம் உண்டு. காற்றுப் படாத ஆழச் சேற்றில் ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் ஆகியவை கந்தகத்தோடு பிணைந்து கரையாத நிலையில் அடங்கிக் கிடக்கின்றன. அச்சேற்றைக் கிளறி உயிர்வளி கலந்த நீரில் பரவவிட்டால் அந்தப் பிணைப்பு அறுந்து உலோகங்கள் நீரில் கரையத் தொடங்கும். அங்கிருந்து சிப்பிக்கும் நண்டுக்கும் மீனுக்கும், அவற்றை உண்பவருக்கும் அவை போய்ச் சேரும். வாளி போன்ற பொறியால் அள்ளிக் கரையில் குவித்துவைத்தால், மறு மழையில் அதே சேறு அதே ஆற்றுக்குள் திரும்பும். அரைகுறையாகச் செய்யும் தூர்வாரல், தொடாமல் விடுவதைவிடத் தீங்கானது என்று நாங்கள் அஞ்சுவது இதனால்தான்.

இந்த அச்சம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவால் படிந்த பாதரசச் சேற்றை அகற்றும் பணி 1977 அக்டோபரில் தொடங்கியபோது, கிளறுவதால் மீண்டும் நஞ்சு பரவும் என்று அவ்வூர் மக்களே நீதிமன்றம் சென்றனர். பணி ஈராண்டுக்கு மேல் நின்று, 1980இல்தான் மீண்டும் தொடங்கியது. அங்கே எதை அகற்றுவது என்பதற்குத் தெளிவான அளவு இருந்தது: 25 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 25 பங்கு) அல்லது அதற்கு மேல் பாதரசம் உள்ள சேறு முழுவதும் எடுக்கப்பட வேண்டும். அச்சேற்றை விரிகுடாவின் உட்பகுதியிலேயே தடுப்புச்சுவர் எழுப்பிய பரப்புக்குள் அடைத்து, மேலே தூய மண்ணிட்டு மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். 1990இல் பணி முடிந்த பின்னும், மீன்கள் வெளியேறாதபடி விரிகுடாவின் வாயில் கட்டியிருந்த வலையை 1997 வரை அவிழ்க்கவில்லை. மீனைச் சோதித்து நிறைவடைந்த பிறகே அவிழ்த்தார்கள். செலவு ஏறத்தாழ 4,850 கோடி யென். அதில் பெரும்பகுதியை மாசுபடுத்திய ஆலையே ஏற்க வேண்டியிருந்தது. எண்ணூரின் சாம்பலும் மினமாட்டாவின் பாதரசமும் ஒன்றல்ல, அதே முறையை அப்படியே இங்கே செய்யுங்கள் என்றும் நாங்கள் கேட்கவில்லை. அளவு வைத்தல், அடைப்பு வைத்தல், முடிந்த பின் சோதித்தல் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டுப் பணியைத் தொடங்காதீர்கள் என்றே கேட்கிறோம்.

எனவே, முதலாவதாகக் கசிவு நிற்க வேண்டும். சாம்பல் குழம்பு செல்லும் பழைய குழாய்கள் முழுமையாக மாற்றப்பட்டதற்கும், சாம்பல் குளங்களின் கரைகள் உறுதி செய்யப்பட்டதற்கும், தொழிற்சாலைகளின் மழைநீர் வடிகால்களில் எண்ணெய் தடுக்கும் அமைப்பு இயங்குவதற்கும் எழுத்து வடிவில் சான்று பெறாமல் ஆற்றில் பணி தொடங்கக் கூடாது. குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்போது தரையைத் துடைத்துப் பயனில்லை.

அடுத்ததாக, அடிச்சேற்றின் ஆய்வு. மேற்பரப்பில் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதிப்பது போதாது. முகத்துவாரம் முதல் சாம்பல் குளங்களுக்கு அப்பால் வரை, பக்கிங்காம் கால்வாயின் இரு பக்கங்களையும் சேர்த்து, குழாய் இறக்கி ஆழவாரியாக மாதிரி எடுக்க வேண்டும். எந்த அடுக்கில் சாம்பல், எந்த அடுக்கில் எண்ணெய், எந்த ஆழத்தில் பழைய இயற்கைச் சேறு தொடங்குகிறது என்பது வரைபடமாக வர வேண்டும். எங்கே படிவு தடிமனாக இருக்கிறது என்பதை எங்கள் பெரியவர்கள் துடுப்பு ஊன்றியே காட்டுவார்கள். மாதிரி எடுக்கும் இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களைக் கேட்பது ஆய்வின் செலவைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. சில இடங்களில் எடுக்காமல் தூய மணலிட்டு மூடுவதே நல்லது என்று ஆய்வு சொன்னால் அதையும் ஏற்கிறோம், காரணம் எங்களுக்குத் தமிழில் விளக்கப்பட்டால்.

ஒப்பந்தம் குறித்து ஒரு சொல். கன மீட்டர் கணக்கில் கூலி கொடுத்தால், எளிதாக வரும் மணலை அதிகம் அள்ளுவதும், சிரமமான சாம்பல் தளத்தை விட்டுவிடுவதும் ஒப்பந்ததாரருக்கு இலாபம். ஆகவே அள்ளிய அளவுக்கு அல்லாமல், அள்ளிய பின் அடியில் எஞ்சியுள்ள உலோகமும் எண்ணெயும் குறித்த அளவுக்குள் வந்துவிட்டன என்று வேறொரு நிறுவனம் சான்றளித்த பிறகு பணம் வழங்கும்படி ஒப்பந்தம் அமைய வேண்டும். சேறு பரவாமல் தடுக்கும் திரை கட்டுவதும், அள்ளுவதற்குப் பதில் உறிஞ்சும் முறையைப் பயன்படுத்துவதும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பணியை நிறுத்துவதும் அதன் கட்டாய நிபந்தனைகளாக இருக்க வேண்டும்.

எடுத்த சேறு எங்கே போகும் என்பதே எங்களை அதிகம் உறுத்தும் கேள்வி. கடலில் கொட்டினால் எங்கள் அண்ணன் தம்பிகளின் வலையில் வரும். உப்பளத்திலோ அலையாத்திக் கரையிலோ கொட்டினால் ஈரநிலமே போகும். நீர் வடித்து, வடிந்த நீரையும் சுத்திகரித்து, நஞ்சின் அளவைப் பொறுத்துப் பிரித்து, மிக மோசமானதை 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற பாதுகாப்பான நிலநிரப்பு வசதிக்கு அனுப்ப வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாங்கள் காக்கா ஆழி என்று சொல்லும் தென் அமெரிக்கச் சிப்பி இப்போது ஆற்றடியைப் பாய் விரித்தாற்போல் மூடியிருக்கிறது. அது உயிரோடு இருக்கும் சேற்றை வேறு நீர்நிலைக்கு அருகில் கொண்டுபோய் வைத்தால், ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்றைப் பரப்பியதாகும்.

செலவு குறித்து அரசு தயங்கத் தேவையில்லை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டின் சட்டமாக உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதி செய்தது நம் வேலூர் மாவட்டத் தோல் ஆலை வழக்கில்தான். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் 2022 ஜூலையில் எண்ணூர்ச் சாம்பல் மாசுக்கு மின் நிர்வாகத்தைப் பொறுப்பாக்கி, சீரமைப்பு செய்ய உத்தரவிட்டுள்ளது. பணி நடக்கும் காலத்தில் தொழில் இழக்கும் குடும்பங்களுக்கு, படகு இல்லாமல் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும் பெண்களையும் விட்டுவிடாமல், மாதந்தோறும் வாழ்வூதியம் வழங்குவதும் அந்தச் செலவின் பகுதியே. எண்ணெய்க் கசிவின்போது நிவாரணப் பட்டியலில் படகு உள்ளவர் பெயர் எளிதில் ஏறியது. கால் நனைத்துப் பிழைப்பவர் பெயர் ஏறப் பலமுறை அலைய வேண்டியிருந்தது.

ஆற்றின் தென்கரை சென்னை மாவட்டத்திலும் வடகரை திருவள்ளூர் மாவட்டத்திலும் இருப்பதால் எங்கள் மனுக்கள் இரு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் நீர்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இடையில் சுற்றுகின்றன. நஞ்சகற்றும் பணிக்கு ஒரே பொறுப்பு அதிகாரியைத் தங்கள் துறை நியமித்து, இரு கரை மீனவ ஊர்களின் பிரதிநிதிகளும் பெண்களும் இடம்பெறும் கண்காணிப்புக் குழுவை அமைத்து, ஒவ்வொரு சோதனை முடிவையும் வந்த வாரத்திலேயே ஊர்ப் பலகையில் ஒட்ட ஆணையிட வேண்டுகிறோம். மீனும் நண்டும் உண்ணத் தகுந்தவையா என்ற சோதனை, பணிக்கு முன்பும் பணி முடிந்து சில ஆண்டுகள் வரையும் தொடர வேண்டும். முடிவு எங்கள் வியாபாரத்துக்குப் பாதகமாக வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளும் அதையேதான் உண்கிறார்கள்.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்களோ தங்கள் துறை அலுவலர்களோ நேரில் பார்வையிட வருவதாக இருந்தால், நீர் நிறைந்திருக்கும் நேரத்தில் வர வேண்டாம். அப்போது ஆறு அழகாகவே தெரியும். வற்றம் உள்ள நாளைச் சொன்னால் காட்டுக்குப்பம் கரையில் படகோடு காத்திருக்கிறோம்.

இடம்: எண்ணூர்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எண்ணூர் கழிமுக மீனவ கிராம மக்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்:
மாவட்ட ஆட்சியர், சென்னை.
மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர்.