முதல் உலகக் கோப்பை வரலாற்றை எழுதத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறு நூலாக எழுதி முடித்திருக்கிறேன். அட்டையில் என் பெயர் மட்டுமே இருப்பதால் இம்மடலை எழுதுவது கடமையாகிறது.

முதல் நன்றி, பழைய பிரெஞ்சு நாளிதழ்களை மாலைதோறும் தொலைபேசியில் வரிவரியாகப் படித்துப் பொருள் கூறிய புதுச்சேரி ஆசிரியை அம்மாவுக்கு. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் மாநாடு போட்டியை நடத்தத் தீர்மானித்ததையும், மறு ஆண்டு பார்சிலோனாவில் அப்பொறுப்பு உருகுவேயிடம் தரப்பட்டதையும் எந்த நூலிலும் படித்துவிடலாம். ஆனால் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்பதாக உருகுவே சொல்லியும் ஐரோப்பாவிலிருந்து நான்கே அணிகள் புறப்பட்டதையும், அவற்றுள் ருமேனியா, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய மூன்றும் ‘கோன்டே வெர்டே’ என்ற ஒரே கப்பலில் ஏறி, மேல்தளத்திலேயே உடற்பயிற்சி செய்தபடி அட்லாண்டிக்கைக் கடந்ததையும், ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே கோப்பையைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டு அதே கப்பலில் வந்ததையும் அவர் குரலில் கேட்டபோதுதான் எனக்கு அந்தப் பயணம் கண்முன் விரிந்தது.

அடுத்து, மெய்ப்புத் திருத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. தொடக்க ஆட்டம், உருகுவேயின் தலைநகர் மொன்டெவிடியோவில் இப்போட்டிக்கெனக் கட்டப்பட்ட சென்டெனாரியோ அரங்கில் நடந்ததாக நான் எழுதியிருந்தேன். ஊகித்து எழுதியதுதான், வேறு சமாதானம் இல்லை. ஐயா ஓரத்தில் பென்சிலால் ‘அரங்கம் அன்று முடிந்திருந்ததா?’ என்று மட்டும் குறித்திருந்தார். தேடிப் பார்த்தால், மழையால் கட்டுமானம் தாமதமாகி, உருகுவே அரசியலமைப்பின் நூற்றாண்டு நாளான ஜூலை 18 அன்றுதான் அங்கே முதல் ஆட்டம் நடந்திருக்கிறது. ஜூலை 13 அன்று பிரான்சின் லூசியன் லோரன் மெக்சிகோவுக்கு எதிராக உலகக் கோப்பையின் முதல் கோலை அடித்தது போசிடோஸ் என்ற சிறிய மைதானத்தில். அந்த ஒரு கேள்வியால் ஓர் அத்தியாயமே திருந்தியது.

அச்சகத் தோழர்களுக்கும், நூலகப் பணியாளர்களுக்கும் என் வணக்கம்.

வரைபடம் தீட்டித் தந்த என் தங்கை மகளை விட்டுவிட முடியாது. ஜெனோவா, வில்பிரான்ஷ், பார்சிலோனா, ரியோ, மொன்டெவிடியோ எனக் கப்பல் தொட்ட துறைகளைக் கோடிட்டவள், யூகோஸ்லாவியா அணி மட்டும் மார்செய்யிலிருந்து ‘ஃபுளோரிடா’ கப்பலில் தனியே சென்றதை நான் சொல்ல மறந்திருந்தும் தானே கண்டுபிடித்து, அதற்கென்று சிவப்பு மையில் இன்னொரு கோடு சேர்த்திருக்கிறாள்.