அக்கிலீஸ் புகழுக்காகச் சாகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிரேக்க வீரர்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: “அன்பா புகழா என்று வந்தபோது அக்கிலீஸ் புகழைத் தேர்ந்தான், குதிகாலில் பாய்ந்த அம்பு அவன் விதியை முடித்தது.” இதற்கு மேல் படிக்க முடியாமல் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். கோபம் தணிந்த பிறகு எழுதுவதுதான் மரியாதை என்று நான்கு நாள் பொறுத்தேன். தணியவில்லை. மன்னிக்க வேண்டும்.

ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் குதிகால் கதையே கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 24 காண்டங்கள், 15,000 வரிகளுக்கு மேல். காவியம் ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது, அப்போது அக்கிலீஸ் உயிரோடுதான் இருக்கிறான். 21ஆம் காண்டத்தில் எதிரியின் ஈட்டி கையைக் கீறி அவனுக்கு ரத்தம் வருகிறது. தாய் தெட்டிஸ் கடல் தேவதை, தகப்பன் பீலியஸ் மனிதன். சாவு தகப்பன் வழியில் வந்த சொத்து. ஆயுதம் துளைக்காத உடம்பு வேண்டும் என்று தாய் குழந்தையைக் குதிகாலில் பிடித்து ஆற்றில் முக்கியெடுத்த கதை, கி.பி. முதல் நூற்றாண்டின் லத்தீன் கவி ஸ்டேட்டியஸிடம்தான் எழுத்தில் முதலில் கிடைக்கிறது. ஹோமருக்கும் அவருக்கும் இடையே சுமார் 800 ஆண்டுகள்.

குதிகாலைக்கூட விட்டுவிடலாம். என்னைக் குத்தியது அந்த வரியின் முதல் பாதி.

9ஆம் காண்டத்தைத் தாங்கள் படித்திருப்பீர்கள். போரில் சிறைபிடித்து வந்த பிரிசெய்ஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பிடுங்கிக்கொண்டதால் அக்கிலீஸ் போரை விட்டு ஒதுங்கியிருக்கிறான். சமாதானம் பேச ஒடிசியஸ், ஃபீனிக்ஸ், அஜாக்ஸ் மூவரும் வருகிறார்கள். பொன், குதிரைகள், ஏழு நகரங்கள், பிரிசெய்ஸும் திரும்பக் கிடைப்பாள் என்கிறார்கள். அவன் சொல்கிறான்: தன் மனைவியை நேசிப்பவர்கள் அகமெம்னானும் அவன் தம்பி மெனலாஸும் மட்டும்தானா? ஈட்டியால் வென்று கொண்டுவந்தவள் என்றாலும் நான் இவளை நெஞ்சார நேசித்தேன். (அவள் கணவனைக் கொன்றவனும் இவன்தான். அதை மறைத்துவிட்டு இதைக் காதல் கதையாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.) பிறகுதான் அம்மா சொன்ன இரண்டு விதிகளைச் சொல்கிறான். இங்கேயே நின்று போரிட்டால் ஊர் திரும்புவது இல்லை, ஆனால் அழியாத புகழ். ஊர் திரும்பினால் புகழ் இல்லை, நீண்ட ஆயுள் உண்டு. ஆடுமாட்டைக் கவர்ந்து வரலாம், குதிரையைச் சம்பாதிக்கலாம். பல்வரிசை என்கிற வேலியைத் தாண்டிப் போன உயிரை எதைக் கொடுத்தும் திருப்பிக் கொண்டுவர முடியாது என்கிறான். நாளைக்கே கப்பலை இறக்கப் போகிறேன், காற்று நன்றாக இருந்தால் மூன்றாம் நாள் சொந்த ஊரான பிதியா போய்ச் சேர்ந்துவிடுவேன் என்கிறான். புகழைத் தேர்ந்தவன் பேசுகிற பேச்சா இது?

அவனை மாற்றியது ஒரே ஒரு சாவு. உயிர்த்தோழன் பட்ரோக்ளஸின் சாவு. அக்கிலீஸ் போகாத போருக்கு அக்கிலீஸின் கவசத்தையே போட்டுக்கொண்டு போய் ஹெக்டர் கையில் செத்தவன். அந்தச் செய்தி வந்ததும் அக்கிலீஸ் இரண்டு கையாலும் புழுதியை வாரித் தலையில் கொட்டிக்கொள்கிறான். கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொள்வானோ என்று பயந்து, செய்தி சொல்ல வந்த அண்டிலோகஸ் அழுதபடியே அவன் கைகளைப் பிடித்துக்கொள்கிறான். கடலுக்கடியில் இருக்கும் தாய்க்கு அவன் அலறல் கேட்கிறது. ஹெக்டரை நீ கொன்றால் அவனுக்குப் பின்னாலேயே உன் சாவும் வரும் மகனே என்கிறாள். அப்படியானால் இப்போதே சாகிறேன், என் தோழன் சாகும்போது பக்கத்தில் நிற்க முடியவில்லையே என்கிறான். அந்த இடத்தில் அவனைச் சாவை நோக்கித் தள்ளியது அன்புதான். புகழ் அதற்கப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

தங்கள் கட்டுரையில் அக்கிலீஸ் பற்றி முழுதாக இரண்டு பக்கம். மறுபடியும் எடுத்துத் தேடிப் பார்த்தேன். பட்ரோக்ளஸ் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று தாங்கள் நினைக்கலாம். 1989இல் நிலக்கரி ஏற்றிய கப்பலில் நானும் என் நண்பனும் கேடட்கள் (பயிற்சி அதிகாரிகள்), ஒரே கேபின். சரக்கு கொட்டும் அறையான ஹோல்டுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டிய முறை என்னுடையது. எனக்குக் காய்ச்சல். “நீ படு, நான் பாத்துட்டு வரேன்” என்று என் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான். மூடிக் கிடக்கும் நிலக்கரி உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதற்கு வாடையும் கிடையாது, புகையும் கிடையாது. மேலே கொண்டுவந்து டெக்கில் கிடத்தியபோது அவன் முகமெல்லாம் கரித்தூள். டெக் ஆட்களின் தலைவரான போசன் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. எதற்காகப் பிடித்தார், நான் என்ன செய்யப் போனேன் என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

கம்பெனி அவன் அம்மாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. கடமையில் உயிர்நீத்த அவர் பெயர் என்றும் நிலைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். “பேரு கெடக்கட்டும்யா, எம் புள்ளய யாரு தருவா?” என்றார். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் செத்துப்போன அக்கிலீஸும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறான்: செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு உழைத்து உயிரோடு இருப்பது மேல் என்று. புகழைத் தேர்ந்தான் என்று அச்சில் பார்த்ததும் எனக்குக் கம்பெனி அனுப்பிய அந்தக் காகிதம்தான் கண்ணில் நின்றது.

இது முதல் தடவையும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட ஒரு தொடரில் பட்ரோக்ளஸை அக்கிலீஸின் சித்தப்பா மகன் என்று போட்டிருந்தீர்கள். இலியட்டில் அப்படி ஓர் உறவு இல்லை. பீலியஸ் வீட்டில் சேர்ந்து வளர்ந்தவன், வயதில் மூத்தவன். அப்போதே எழுதினேன், பதில் இல்லை. ‘கிரீஸிலுள்ள ட்ராய் நகரம்’ என்றும் ஒரு முறை வந்தது. ட்ராய் துருக்கியில் ஹிசார்லிக் மேட்டில் இருக்கிறது. அதே பக்கத்தில் பழங்காலத்து மரக்குதிரை என்று போட்ட படம், 2004இல் வந்த சினிமாவுக்காகச் செய்து, பிறகு சனக்கலே நகரத்துக் கடற்கரையில் நிறுத்திய குதிரை. அதற்கும் எழுதினேன். கடிதத்தின் கடைசி வரியை, தங்கள் பத்திரிகையைப் பாராட்டிய வரியை மட்டும், வாசகர் பகுதியில் போட்டீர்கள். என் மனம் எவ்வளவு நொந்தது என்று இன்றுதான் சொல்கிறேன்.

அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். தேர்டு ஆபீசராக இருந்தபோது கருங்கடலுக்குத் தானியம் ஏற்றப் போகும் கப்பலில் டார்டனெல்ஸ் ஜலசந்தியை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். ஏஜியன் கடலிலிருந்து உள்ளே நுழையும்போது வலப்பக்கம் ஆசியக் கரை. ஒரு விடியற்காலையில், கப்பலுக்கு வழிகாட்ட ஏறி வந்த துருக்கிப் பைலட் பிரிட்ஜ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி “அக்கிலீஸ்” என்றார். பைனாகுலரில் பார்த்தேன். வயல்களுக்கு நடுவே புல் முளைத்த ஒரு மண்மேடு. கி.மு. 334இல் அலெக்சாண்டர் வந்து அக்கிலீஸுக்கு மாலை போட்டது இந்தக் கரையில்தான். இன்று வாழ்கிறவர்களும் இனி வரப்போகிறவர்களும் கடலில் தூரத்திலிருந்தே பார்க்கும்படி ஹெல்லஸ்பாண்ட் (டார்டனெல்ஸின் பழைய பெயர்) முனையில் மேடு எழுப்பினோம் என்று ஒடிசியின் 24ஆம் காண்டத்தில் வருகிறது. அந்த மேட்டுக்குள் ஒரு தங்கக் கலசம், அதில் அக்கிலீஸின் எலும்பும் பட்ரோக்ளஸின் எலும்பும் கலந்திருக்கின்றன. ஆவியாக வந்து பட்ரோக்ளஸ் கேட்டுக்கொண்டது அது. நான் பார்த்தது அதே மேடுதானா என்று யாரும் என்னிடம் வாதாட வர வேண்டாம். கப்பல் திரும்பும்வரை கண்ணை எடுக்காமல் நின்றேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். குதிகால் கதை இலியட்டில் இல்லை என்று ஒரு வரி. மற்றொரு வரியில் பட்ரோக்ளஸ் என்ற பெயர் இருக்க வேண்டும். இடம் போதாது என்றால் முதல் வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி